பதினோராம் பாடமும் லிஃப்ட் மெக்கானிக்கும்

எங்கள் பள்ளியின் புதுக் கட்டடத்துக்கு நான்கு மாடி, ஒரு லிஃப்ட். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளுக்காக வைத்தது என்று திறப்பு விழாப் பலகையில் எழுதியிருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை இதுவரை எங்கள் பள்ளியில் சேரவில்லை. தலைமையாசிரியரின் முழங்கால்தான் அதில் தினமும் ஏறி இறங்குகிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை அதைச் சரிபார்க்க லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வருவாள். நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, கனமான பூட்ஸ், தோளில் சாமான் பை.

அவள் என் அக்கா. ஒரே வயிற்றில் பிறந்தவள். இது பள்ளியில் யாருக்கும் தெரியாது.

தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். அக்கா பழங்குடி. அவள் கம்பெனியில் அது எல்லாருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அக்கா பழங்குடி என்றால் தங்கை யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

நான் இங்கே பன்னிரண்டு வருடமாகச் சமூக அறிவியல் டீச்சர். இதற்கு முன்னால் இருந்த பள்ளியில் நான் யார் என்று தெரிந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முதலில் இரண்டு பெற்றோர் வந்து பிள்ளைகளை வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டார்கள். பிறகு ஐந்து பேர். பிறகு நிர்வாகத்தில் என்னைக் கூப்பிட்டு, “ரொம்பக் களைச்சுத் தெரியறீங்க டீச்சர், கொஞ்ச நாள் லைப்ரரியைப் பாத்துக்குங்க” என்று அன்பாகச் சொன்னார்கள். அந்த நூலகத்தில் இரண்டு அலமாரி புத்தகங்கள் இருந்தன. இரண்டு வருடம் அவற்றைத் தூசி தட்டினேன். இங்கே வந்தபோது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் வருடம் அது சௌகரியமாக இருந்தது. இரண்டாம் வருடம் பழக்கமாகிவிட்டது. அப்புறம் அது சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய். மேலே மேலே சோற்றை அள்ளிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் நானும் மகளும் மட்டும். மகள் இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதில் லீவு விட்டால் அக்கா வீட்டில்தான் கிடப்பாள். எட்டு வயதானதும் நான்தான் நிறுத்தினேன். அந்த வயதுப் பிள்ளை பள்ளியில் போய் லீவில் எங்கே போனேன், யாரோடு இருந்தேன் என்று கதை சொல்லும் அல்லவா. அவளை உட்கார வைத்து, யாரிடம் என்ன சொல்லக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொன்னாள். ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லிஃப்டின் மோட்டார் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. அதற்கு அடுத்த அறையில் பழைய தேசப்படங்களும் உடைந்த உலக உருண்டைகளும் கிடக்கின்றன. அதன் சாவி என்னிடம். முதல் புதன் மூன்றாம் பீரியட் எனக்கு வகுப்பு கிடையாது. தேசப்படம் எடுப்பதுபோல் மேலே போவேன். எங்கள் பள்ளியைத் தன் ரூட்டில் போடச் சொல்லி அக்காவே கம்பெனியில் கேட்டு வாங்கியிருந்தாள். மூன்று வருடமாக இப்படித்தான் நாங்கள் பார்த்துக்கொண்டோம். மாதத்துக்குப் பதினைந்து நிமிடம்.

போனில் பேசலாமே என்றால் அக்காவுக்குப் போன் ஆகாது. “போன்ல என்னடி பேசறது, மூஞ்சி தெரிய வேணாமா” என்பாள். மோட்டார் அறையில் மட்டும் பெரிதாகப் பேசிவிட்டோமா என்றால் அதுவும் இல்லை. உள்ளே நுழைந்ததும், “சும்மா நிக்காத குட்டி, டார்ச்சைப் பிடி” என்பாள். நான் பிடிப்பேன். பிரேக்கைப் பார்ப்பாள், கயிற்றில் பிசிறு இருக்கிறதா என்று துணியால் தடவிப் பார்ப்பாள், எண்ணெய் விடுவாள். நடுநடுவே பக்கத்து வீட்டுக்காரியின் வாய், தன் இடுப்பு வலி, யாருக்குக் கல்யாணம், யார் செத்தது எல்லாம் வரும். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே, “பாப்பா எப்படி இருக்கா?” என்று கேட்பாள். “நல்லா இருக்கா” என்பேன். “ஒருநாள் மேல கூட்டிட்டு வாயேன்.” “வரேன்னா கூட்டிட்டு வரேன்.” மகள் ஒருநாளும் வரேன் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் மீதி மாதத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

இந்த வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் வந்தது. ‘பழங்குடியினர் குறித்த மாணவர் மனப்பான்மை: கணக்கெடுப்பு’ என்று தலைப்பு. இருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். ‘முழுவதும் ஏற்கிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரைக்கும் ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பதினோராம் பாடம் பழங்குடியினரைப் பற்றியது. அதை நடத்துவதற்கு முன் ஒரு முறை, நடத்திய பின் ஒரு முறை பிள்ளைகள் தாளை நிரப்ப வேண்டும். இரண்டுக்கும் சராசரி போட்டு, பின்னது ஏறியிருந்தால் பள்ளிக்கு நற்சான்று. நடத்துவதும் நான், எண்ணுவதும் நான்.

‘பழங்குடி மாணவர் என் பக்கத்தில் உட்கார்வது எனக்குச் சம்மதம்.’ ‘அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பேன்.’ ‘அவர்களுக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும்.’ இப்படிப் போகும். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுக என்று இரண்டு கோடு.

முதல் முறை நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் சராசரி ஐந்துக்கு இரண்டு புள்ளி ஒன்பது. பரீட்சையாக இருந்தால் பாஸ். கடைசிக் கோட்டில் பாதிப் பேர் ஒன்றும் எழுதவில்லை. எழுதியவர்களில் நான்கு பேர் ‘பாவம்’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘நாத்தம்’. ஒருவர் ‘அவங்க பாம்பு சாப்பிடுவாங்கன்னு எங்க மாமா சொன்னார்’. ஒருவர் ‘எங்க டீச்சர் மாதிரி யாராவது போய் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்’.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே எண்ணினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் நம்முடையதாக இருக்காதே, அப்படி. எல்லாருக்கும் அது சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும். எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெளியவில்லை.

பதினோராம் பாடம் இரண்டரைப் பக்கம். காட்டில் வாழ்ந்தார்கள், வேட்டையாடினார்கள், இயற்கையை வணங்கினார்கள். ஒரு படம்: ஒருவர் தலையைச் சுற்றி இறகு செருகிக்கொண்டு ஈட்டியோடு நிற்கிறார். எங்கள் ஆட்கள் யாரும் இறகு வைத்து நான் பார்த்ததில்லை. என் அப்பா தலையில் ஏதாவது வைத்திருந்தால் அது மழைக்குக் கவிழ்த்த பிளாஸ்டிக் பையாக இருக்கும். யாரோ எங்கேயோ வரைந்ததை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் படத்தைக் காட்டி, “இது அவர்களின் பாரம்பரியத் தலையணி” என்று நடத்தினேன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

பின்வரிசையில் ஒருவன் இருக்கிறான். குரல் பெரிசு, எல்லாரும் மைக்செட் என்று கூப்பிடுவார்கள். அவன் எழுந்து, “எப்ப டீச்சர் செத்துப் போனாங்க எல்லாரும்?” என்று கேட்டான்.

“சாகலடா. இருக்காங்க.”

“எங்க டீச்சர்?”

“அங்கங்க” என்றேன். மூன்றாம் வரிசையில் என் மகள் தலையணிப் படத்துக்கு அழகாகக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை எண்ணினேன். இரண்டு புள்ளி ஆறு. மூன்று பீரியட் நான் பாடம் நடத்தியதில் பிள்ளைகள் இறங்கியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் யாராவது இருந்தால் சிரித்திருப்பேன். என் பாடம் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் பதிந்ததில்லை.

தலைமையாசிரியர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அதட்ட மாட்டார், காரியம் நடக்க வேண்டும் அவருக்கு. “என்ன டீச்சர், பாடம் நடத்தினா ஏறணும்ல?”

“ஏறத்தான் சார் நடத்தினேன்.”

“புத்தகத்துல பாத்தா பதியாது. நேர்ல பாக்கணும். நம்ம லிஃப்டுக்கு வர்றாங்களே அந்த மெக்கானிக், அவங்க பழங்குடியாமே! அவங்க சூபர்வைசர் பேச்சுவாக்குல சொன்னார். உடனே போனைப் போட்டுப் பேசிட்டேன். அடுத்த புதன் எப்படியும் வர்றாங்க. ஒரு பீரியட் பிள்ளைங்களோட பேசட்டும். அப்புறம் மறுபடி ஒரு தடவை தாளைக் குடுப்போம்.”

“ரெண்டு தடவைதானே சார் விதி?”

“ரெண்டாவதை இன்னும் அனுப்பலையே டீச்சர். நீங்க அன்னிக்கு கூடவே இருங்க.”

வெளியே வந்து நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று ஒரு கணம் தெரியவில்லை. அப்புறம் மணி அடித்தது, எட்டாம் வகுப்புக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“நீ அன்னிக்கு லீவு போட்டுடேன்” என்றாள்.

“என்னைத்தான் கூட இருக்கச் சொல்லியிருக்கார்.”

“அப்ப நான் போடட்டுமா?”

“போடேன்க்கா.”

“சூபர்வைசர் விட மாட்டாருடி. கஸ்டமர் கேட்டதுன்னு குதிக்கறார். வந்துட்டுப் போயிடறேன் குட்டி. உன்னைத் தெரியாதுன்னு வச்சுக்கறேன். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“பாப்பா அந்த கிளாஸ்தானே?”

“ஆமா.”

“ஆறு வருஷமாச்சு” என்றாள். “எப்படியோ, பாத்துடலாம்.” குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை, போனை வைத்துவிட்டேன்.

மகள் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். “புதன்கிழமை பெரியம்மா உங்க கிளாஸுக்கு வர்றா” என்றேன்.

“தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது, அதானே?”

“ம்.”

“சரி” என்று அடுத்த நகத்துக்குப் போனாள்.

புதன்கிழமை மூன்றாம் பீரியட். அக்கா லிஃப்டை முடித்துவிட்டு, கைகழுவி, தலையை வாரிக்கொண்டு வந்தாள். என்ன கழுவினாலும் நகக்கண்ணில் இருக்கும் கருப்பு போகாது. உள்ளே வந்ததும் நாற்பத்திரண்டு முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் நின்றது பார்வை. அப்புறம் உடனே சுவரைப் பார்த்தாள். சொன்ன சொல் தவற மாட்டாள் அக்கா.

“உங்க பாரம்பரிய டிரெஸ்ல வருவீங்கன்னு நினைச்சேம்மா” என்றார் தலைமையாசிரியர்.

“இதான் சார் பதினெட்டு வருஷமா போட்டுட்டிருக்கேன்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அறிமுகம் செய்து வைத்தேன். “இவங்க பழங்குடி இனத்தைச் சேர்ந்தவங்க. லிஃப்ட் மெக்கானிக்கா இருக்காங்க. எல்லாரும் வணக்கம் சொல்லுங்க.” என் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. நான் கவனித்தேன்.

கேள்விகளை முன்கூட்டியே தயார் செய்திருந்தோம். டிராயிங் மாஸ்டர் எழுதினார், நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வாசிக்க என் மகளைத் தலைமையாசிரியரே தேர்ந்தெடுத்திருந்தார். “உங்க பொண்ணுதான் டீச்சர் திக்காம வாசிப்பா.”

மகள் எழுந்து நின்றாள். “முதல் கேள்வி. உங்கள் உணவுப் பழக்கம் என்ன?”

“காலையில டீ, பிரெட். மத்தியானம் டப்பா. ராத்திரிக்கு டப்பாவுல மிச்சம்.”

சிரிப்பு.

“இரண்டாம் கேள்வி. உங்கள் வீடுகள் எதனால் கட்டப்படுகின்றன?”

“எதனால கட்டினானோ தெரியல கண்ணு. மூணாவது மாடி. மழை பேஞ்சா உள்ளயும் பேயும்.”

இன்னும் சிரிப்பு. அக்கா இப்போது அவளை நேராகப் பார்த்தே பதில் சொன்னாள். கேள்வி கேட்கிறவரைப் பார்ப்பதில் தப்பில்லையே. ஆறு வருடத்தை அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள். அவள் உயரத்தை, பின்னலை, சட்டைப் பையில் இருந்த பேனாவை.

“நான்காம் கேள்வி. உங்கள் மக்கள் ஏன் முன்னேற விரும்புவதில்லை?”

திக்கவில்லை. தெளிவாகத்தான் வாசித்தாள்.

அக்கா மேசையில் இருந்த சாக்பீஸை எடுத்து இடம் மாற்றி வைத்தாள். “தெரியலையே கண்ணு” என்றாள். “நீ என்ன நினைக்கற?”

மகள் தாளைப் பார்த்தாள். “என்கிட்ட கேள்வி மட்டும்தான் இருக்கு” என்றாள். அடுத்து ஐந்தாம் கேள்விக்குப் போனாள்.

கேள்விகள் தீர்ந்ததும் தலைமையாசிரியர், “வேற யாராவது?” என்று கேட்டார். அதற்குப் பிறகு பழங்குடி எல்லாருக்கும் மறந்துவிட்டது. லிஃப்ட் அறுந்து விழுமா, நடுவில் நின்றால் மூச்சு முட்டுமா, கதவில் கை மாட்டினால் துண்டாகிவிடுமா என்று ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். அக்கா எல்லாருக்கும் பதில் சொன்னாள். மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்ட ஒரு கல்யாண மாப்பிள்ளை கதையைச் சொன்னாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. நல்ல பிள்ளைகள்தான், என் பிள்ளைகள்தான்.

அப்போது மைக்செட் எழுந்தான். “டீச்சர், டீச்சர்! இவங்க உங்க மாதிரியே இருக்காங்க! அதே மூக்கு!”

வகுப்பு முழுக்க ‘ஹோ’ என்றது. பிறகு சட்டென்று அடங்கியது. அவன் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

“டேய்!” என்றார் தலைமையாசிரியர். “டீச்சரைப் பாத்து அப்படியெல்லாம் சொல்லலாமா? மன்னிப்புக் கேளு.”

“சாரி டீச்சர்.”

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், சின்னப் பையன்” என்று அவரும் சொன்னார். அக்கா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

“பரவாயில்ல, உக்காரு” என்றேன்.

மைக்செட்டுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்த அறையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

பிறகு போட்டோ. கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். டிராயிங் மாஸ்டர் அட்டையை வளைத்து, வர்ணக் காகிதத்தில் இறகு வெட்டி ஒட்டி, பாடப் புத்தகத்துப் படத்தைப் பார்த்து ஒரு தலையணி செய்துகொண்டு வந்திருந்தார். இரண்டு நாள் உழைப்பு, நன்றாகவே இருந்தது. அதை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இது எங்களுது இல்லையே சார். எங்க ஆளுங்க யாரும் இறகு வச்சு நான் பாத்ததில்ல.”

“புத்தகத்துல இருக்கேம்மா” என்றார் தலைமையாசிரியர். “உங்களுக்கே தெரியாம இருக்கும். டீச்சரைக் கேளுங்க, அவங்கதானே பாடம் நடத்தினாங்க.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். உள்ளே வந்ததிலிருந்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்படியா டீச்சர்?” என்றாள். “நாங்க இறகு வப்போமா?”

மெதுவாகத்தான் கேட்டாள். நான் அவள் தங்கை என்று சொல்லச் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை, புத்தகம் தப்பு என்று ஒரு வார்த்தை. அதை எந்த டீச்சரும் சொல்லலாம். சொல்கிற டீச்சர் யார் என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதெல்லாம் இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது! அப்போது எனக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அதே மூக்கு என்று ஒருவன் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு” என்றேன். “ஒரு போட்டோதாங்க, வச்சுக்குங்க.”

‘ங்க’ போட்டுப் பேசினேன் என் அக்காவிடம்.

“நீங்களே வச்சு விடுங்க டீச்சர், போட்டோவுக்கு நல்லா இருக்கும்” என்றார் டிராயிங் மாஸ்டர். அக்கா தலையைக் குனிந்தாள். அவள் என்னைவிட உயரம், நான் எட்டுவதற்காக நன்றாகவே குனிந்தாள். உச்சியில் நரை கூடியிருந்தது. மோட்டார் அறை வெளிச்சத்தில் அது எனக்குத் தெரிந்ததில்லை. அட்டையை இறக்கினேன். அளவு சிறிசு. அழுத்தினேன். ஸ்டேப்ளர் பின் ஒன்று நெற்றியோரம் கீறியது, அவள் அசையவில்லை.

யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். முதலில் தட்டியது மூன்றாம் வரிசை. என் மகள்.

போட்டோ எடுத்து முடித்ததும் அக்கா தலையணியைக் கழற்றி, கசங்காமல் மேசை மேல் வைத்தாள். பையைத் தோளில் போட்டாள். பதிவேட்டில் எப்போதும்போலக் கையெழுத்துப் போட்டாள். லிஃப்டில் இறங்காமல் படிக்கட்டில் இறங்கிப் போனாள்.

மறுநாள் மூன்றாம் முறை தாள் கொடுத்தோம். மூன்று புள்ளி எட்டு. ‘அந்த ஆன்ட்டி ரொம்ப நல்லவங்க. பழங்குடி மாதிரியே இல்லை’ என்று ஒன்பது பேர், வார்த்தை கொஞ்சம் முன்பின்னாக, எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘தொப்பி சூப்பர்’. தலைமையாசிரியர் எனக்கு டீ வரவழைத்தார். “பாத்தீங்களா டீச்சர், ஒரே பீரியட்ல!” நற்சான்று வந்ததும் போட்டோவோடு சேர்த்துக் கண்ணாடி போட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார்.

அக்காவுக்கு நான்கு தடவை போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. அவளுக்குப் போன் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் முதல் புதன் வரட்டும், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் நெற்றியை முதலில் பார்ப்பது. பிறகு திட்டட்டும் என்று விட்டுவிடுவது. அவள் வாய்க்கு அரை மணி நேரமாவது வேண்டும், அன்றைக்கு நான்காம் பீரியடையும் யாரிடமாவது தள்ளிவிட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மொட்டை மாடிக்குப் போனேன். மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அதே நீலச் சட்டையில் தொப்பை வைத்த ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்திருந்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எடுத்தார்.

“என்ன டீச்சர், லிஃப்ட் ஏதாவது மக்கர் பண்ணுதா?”

“இல்ல, மேப் எடுக்க வந்தேன். வழக்கமா வர்றவங்க லீவா?”

“அந்த மேடமா? அவங்க ரூட்டை மாத்திக்கிட்டாங்க. இந்த ஸ்கூல் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். இனிமே நான்தான்.” பிறகு, “இங்க யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா டீச்சர்? அந்தம்மா அப்படியெல்லாம் லேசுல கோவிச்சுக்க மாட்டாங்களே” என்றார்.

“தெரியல” என்றேன். அவருக்கு டார்ச் பிடிக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஒரு தேசப்படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சாயங்காலம் மகள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. எங்கள் இருவரைத் தவிர வீட்டில் யாருமில்லை.

“இனிமே நம்ம ஸ்கூலுக்கு வர மாட்டாளாம்” என்றேன்.

“யாரு?”

நான் அவளையே பார்த்தேன். அவள் அட்டையின் ஓரத்தை மடித்து, விரலால் நீவி, படிகிறதா என்று பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள். முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டாள்.

“லிஃப்ட் பாக்க வருவாங்களே, அந்தம்மாவா?”

பெரியம்மாடி என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. கேட்க வேறு யாரும் இல்லாத வீடும் இருந்தது.

“ஆமா” என்றேன். “அந்தம்மாதான்.”